திண்டுக்கல் தோலுக்குப் பழைய தையல் இயந்திரம் – மூன்றில் எதை வாங்கலாம்?

திண்டுக்கல் தோல்வேலை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் மரப்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிடப்படும் தோலை வாங்கி, பணப்பை, தோள்பை, இடுப்பு பெல்ட் ஆகியவற்றைக் கையாலேயே தைத்து விற்று வருகிறேன். இரண்டு ஊசி போட்டு மெழுகு நூலால் தைக்கும் சேணத் தையல்தான் இதுவரை என் முறை. வாங்குவோர் கூடியிருக்கிறார்கள்; ஆனால் ஒரு தோள்பையைத் தைத்து முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடுவதால் விலையைக் கட்டுப்படியாக வைக்க முடியவில்லை. ஆகவே பழைய இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று விசாரித்ததில் மூன்று அமைந்திருக்கின்றன.

முதலாவது, திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றிலிருந்து வெளியே வந்த ஜூக்கி டிடிஎல்-8700. மேசை, மோட்டார் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் கேட்கிறார்கள். விற்பவர், "கொஞ்சம் பெரிய மோட்டாராக மாற்றிக்கொண்டால் தோல் என்ன, பலகையையே தைக்கும்" என்கிறார். இரண்டாவது, எங்கள் ஊரிலேயே செருப்புப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் கொடுக்க முன்வந்திருக்கும் சிங்கர் 29கே. மோட்டார் கிடையாது, காலால் மிதித்து ஓட்டுவது, 12,000 ரூபாய். மூன்றாவது, ஆம்பூரில் ஒரு காலணிப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ஜூக்கி டிஎன்யூ-1541எஸ். இதற்கு 55,000 ரூபாய் சொல்கிறார்கள். என்னால் புரட்ட முடிந்தது 60,000 ரூபாய்தான் என்பதால், மூன்றாவதை வாங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நான் தைக்கும் தோலின் கனத்தையும் சொல்லிவிடுகிறேன். பணப்பைக்கு 1 மி.மீ. தோல், மூன்று நான்கு அடுக்கு வரும். தோள்பைக்கு 2 மி.மீ. தோல் இரண்டு அடுக்கு; வார் சேரும் இடத்தில் மட்டும் 6 முதல் 7 மி.மீ. வரை போகும். பெல்ட் 3.5 மி.மீ., அதன் அடியில் 1 மி.மீ. உள்தோல். விலை குறைந்த முதல் இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு காலத்தை ஓட்டலாமா, அல்லது இருப்பதையெல்லாம் போட்டாவது மூன்றாவதற்குப் போக வேண்டுமா? நேரில் போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆம்பூர் மெஷின்காரர்:

தம்பிக்கு வணக்கம். காலணித் தொழிற்சாலைகளின் தையல் பிரிவில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தோல் தைக்கும் இயந்திரம் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஊசி தோலைக் குத்துமா என்பதைத்தான். குத்துவது பெரிய காரியம் இல்லை. நல்ல வெட்டுமுனை ஊசியைப் போட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றினால், வீட்டில் இருக்கும் கறுப்பு மெஷின்கூட 4 மி.மீ. தோலைக் குத்திவிடும். குத்தியபின் அந்தத் தோலை அடுத்த தையலுக்கு எது நகர்த்துகிறது, எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஒரே அளவாக நகர்த்துகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உங்கள் மூன்று இயந்திரங்களும் இந்த ஓர் இடத்தில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

டிடிஎல்-8700இல் ஊசித் தட்டின் கீழே உள்ள பல் மட்டுமே இழுக்கும். மேலே இருக்கும் பாதம் சும்மா அழுத்திக்கொண்டிருக்கும். துணிக்கு இது போதும். தோலில் என்ன நடக்கும் என்றால், பல் கடித்த அடித்தோல் நகர, மேல்தோல் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். ஒரு முழம் தைத்து முடிக்கையில் மேல் அடுக்கு நீண்டு வெளியே வந்து நிற்கும். ஓரத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டுத் தைத்தால் அடுக்கு விலகாது; ஆனால் அப்போதும் கனம் கூடும் இடத்தில் பாதம் ஏறத் திணறுவதால், தையல் அங்கே குறுகி நெருங்கிவிடும். துணியில் என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். நெருக்கமாக விழுந்த ஓட்டைகளோ தோலைத் தபால்தலை ஓரம் போலக் கிழியவைக்கும்.

பெரிய மோட்டார் போட்டால் இவற்றில் எதுவும் மாறாது. இன்னொன்றையும் அந்த விற்பனையாளர் சொல்லியிருக்க மாட்டார். 8700 நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடுவதற்காகச் செய்த மெஷின். அதன் தலைக்கு எண்ணெய் ஏற்றுவது கீழே தொட்டியில் இருக்கும் பம்ப். வேகமாக ஓடினால்தான் அந்தப் பம்ப் எண்ணெயை மேலே ஏற்றும். தோலை யாரும் அந்த வேகத்தில் தைப்பதில்லை. மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் மேல்பாகங்கள் உலர்ந்து தேயும், ஆகவே கையால் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். விட்ட எண்ணெய் ஊசிக் கம்பி வழியே இறங்கினால், மரப்பட்டைத் தோல் அதை உறிஞ்சிக் கறையாக்கிக்கொள்ளும். நூலிலும் கட்டுப்பாடு உண்டு. நைலான் நூல் 40 நம்பர் வரைக்கும் அந்த மெஷினில் நிம்மதியாக ஓட்டலாம். நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும்; பெல்ட்டுக்கும் பைக்கும் வேண்டிய 20 நம்பர் நூல் அதன் ஹூக்குக்கும் (மேல்நூலை அடிநூலோடு பின்னும் சுழல்கொக்கி) டென்ஷனுக்கும் (நூலை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு) அதிகம். வெறும் பணப்பைக்காரர் என்றால் அதை வாங்கி, வழுக்கும் டெஃப்லான் பாதம் ஒன்றை மாட்டிச் சமாளிக்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் பெல்ட் வரை போகிறீர்கள்.

1541எஸ் காம்பவுண்ட் ஃபீட் மெஷின். கீழே பல், நடுவே ஊசி, மேலே உள்பாதம் ஆகிய மூன்றும் சேர்ந்தே தோலை நகர்த்தும். தோலுக்குள் இறங்கிய ஊசி அப்படியே பின்னால் நகர்ந்து எல்லா அடுக்கையும் கோத்து இழுப்பதால், மேல் அடுக்கு பின்தங்க வழியே இல்லை. உள்பாதமும் வெளிப்பாதமும் மாறி மாறித் தூக்கி நடப்பதால் கனம் கூடும் இடத்தில் ஏறும்போதும் தையல் நீளம் பெரும்பாலும் மாறாது. தையலை 9 மி.மீ. நீளம் வரை வைக்கலாம். முழங்காலால் தூக்கும்போது பாதம் 16 மி.மீ. உயரும் என்பதால், வார் சேரும் இடத்தை உள்ளே நுழைப்பது எளிது. பெயரில் உள்ள "எஸ்" என்னும் எழுத்து, நூல் சிக்கினால் ஹூக்கைக் காப்பாற்றும் பாதுகாப்பு கிளட்ச் இருப்பதைக் குறிக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது மிகவும் வேண்டும்.

எனவே என் வாக்கு மூன்றாவதற்கு. ஆனால் மாதிரி நல்லது என்பதற்காக அந்த ஒரு மெஷினும் நல்லதாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. தொழிற்சாலையில் இரண்டு ஷிஃப்ட் ஓடித் தேய்ந்தபின் பெயின்ட் அடித்து விற்பதும் நடக்கிறது. தலையில் புதுப் பெயின்ட் பளபளத்து, திருகுகளின் பள்ளம் மட்டும் சிதைந்திருந்தால், பலமுறை கழற்றி மாட்டிய மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது உங்கள் தோலில் நான்கு துண்டு, உங்கள் நூல், புது ஊசி இரண்டு, வெள்ளைத் தாள் கொஞ்சம் கொண்டு போங்கள். அங்கே கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும், குரோமிய உப்பால் பதனிட்ட மெத்தென்ற குரோம் தோலில் தைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். முதலில் மோட்டாரை அணைத்துவிட்டு, ஊசியைக் கழற்றி, பாதத்தைத் தூக்கிவைத்து, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். சுற்று முழுவதும் ஒரே கனமாக வர வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் இறுகிப் பிறகு விட்டால், ஹூக்கில் நூல் சிக்கியிருக்கலாம் அல்லது தண்டு வளைந்திருக்கலாம். நூலை எடுத்தபின்னும் இறுகினால் அந்த மெஷின் வேண்டாம். அடுத்து ஊசிக் கம்பியை விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். இது ஊசியும் நகரும் மெஷின் என்பதால் கம்பியைத் தாங்கும் சட்டம் இலேசாக ஆடலாம். சட்டத்துக்குள் கம்பியே கடகடவென்று ஆடினால், உள்ளே கம்பி ஓடும் குழலான புஷ் தேய்ந்துபோயிற்று என்று பொருள்.

பிறகு அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் இடத்தின் மூடியைத் திறந்து ஹூக்கின் முனையைப் பாருங்கள். கண்ணால் பார்ப்பதைவிட நகத்தால் தடவினால் தெரியும். முனை கூராகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். நகம் எங்காவது மாட்டினால், அங்கேதான் நாளைக்கு உங்கள் நூல் பிசிறப் போகிறது. சிறிய பிசிறு என்றால் நைஸான எமரித் தாளால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். முனையே மழுங்கியிருந்தால் ஹூக்கை மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாகத் தாள் சோதனை. நூல் கோக்காமல் ஊசியை மட்டும் மாட்டி, தாளில் ஒரு சாண் நீளத்துக்கு முன்னோக்கித் தைத்து, நிறுத்தி, பின்தையல் நெம்பை அழுத்தி அதே வரிசையில் திரும்பி வாருங்கள். திரும்பி வந்த ஓட்டைகள் போன ஓட்டைகளிலேயே விழுந்தால் ஃபீட் சரியாக இருக்கிறது. விழாவிட்டால் எவ்வளவு விலகுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் மேலே வெள்ளை நூல், அடியில் கறுப்பு நூல் போட்டு, இரண்டு அடுக்கிலிருந்து நான்கு அடுக்குக்கு ஏறி இறங்கும்படி உங்கள் தோலைத் தையுங்கள். கறுப்புப் புள்ளி மேலே தெரியாமலும் வெள்ளைப் புள்ளி கீழே தெரியாமலும் முடிச்சு தோலின் நடுவிலேயே நிற்கும்படி டென்ஷனைக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் மட்டும் ஒரு தையல் தவறினால் அது பாத அழுத்தத்திலோ ஊசியிலோ உள்ள குறையாக இருக்கும். சமதளத்திலேயே தவறினால் ஹூக்கின் டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம், போயிருக்கிறது.

செருப்புக்கடைப் பேரன்:

மேலே ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 29கே பற்றி அவர் ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டுவிட்டதால் நான் சொல்கிறேன். எங்கள் கடையில் இன்றும் ஓடுவது அதுதான்.

29கே மெஷினில் கீழே பல்லே கிடையாது. பாதம் தானே தோலைக் கவ்வி நகர்த்தும். அந்தப் பாதத்தை நினைத்த திசைக்குச் சுற்றிக்கொள்ளலாம், அதாவது தோலைத் திருப்பாமல் தையலின் திசையை மட்டும் திருப்பலாம். மெல்லிய நீண்ட கையின் நுனியில் அடிநூலைக் கொண்டிருக்கும் ஷட்டில் இருப்பதால், தைத்து முடித்த பையின் உள்ளேயும் காலணியின் உள்ளேயும் அந்தக் கை நுழையும். பிரிந்துபோன ஜிப்பை மாற்றுவது, பையின் அடிமூலையை ஒட்டுப்போடுவது போன்ற வேலைகளை 1541இல் செய்யவே முடியாது. கரண்ட் வேண்டாம். ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போடலாம்.

ஆனால் தம்பி கேட்பது பழுதுவேலைக்கு அல்ல, புதிதாகப் பொருள் செய்வதற்கு. அதற்கு நானே இதைச் சொல்லமாட்டேன். பாபின் மிகச் சிறியது. ஒரு பெல்ட்டைச் சுற்றித் தைத்து வருவதற்குள் அடிநூல் தீர்ந்துவிடும் என்ற பயத்திலேயே தைக்க வேண்டும். பாதத்தின் பல் தோலின் மேல்பக்கத்தில், அதாவது வாங்குவோர் பார்க்கும் பக்கத்தில், வரிசையாகத் தடம் பதிக்கும். மரப்பட்டைத் தோலில் அந்தத் தடம் போகவே போகாது. தையல் நேராக வருவதும் கையின் பழக்கத்தைப் பொறுத்தது.

வயதையும் யோசியுங்கள். ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையில் செய்தவற்றுக்குத்தான் சிங்கர் "கே" என்ற எழுத்தைப் போட்டது. அந்தத் தொழிற்சாலை 1980ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே அசல் 29கே எதுவாக இருந்தாலும் நாற்பது வயதைத் தாண்டியதுதான். அந்த நீண்ட கைக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் தேய்ந்தால் ஷட்டில் பிந்தும், தையல் தவறும். பெரியவரின் மெஷினைப் பார்க்கும்போது தையல் நீளத்தை முழுதாகத் திருகி வைத்துத் தைத்துப் பாருங்கள். முழுதாக வைத்தும் தையல் குட்டையாகவே வந்தால் உள்ளே நிறையத் தேய்ந்துவிட்டது. பாதத்தை நான்கு திசைக்கும் திருப்பி வைத்துத் தைத்துப் பார்ப்பதும் அவசியம். முன்னோக்கித் தைக்கையில் ஒழுங்காக இருந்துவிட்டுப் பக்கவாட்டில் தவறுகிறவை நிறைய உண்டு.

பின்னால் பணம் சேரும்போது இரண்டாவது மெஷினாக வாங்கி வையுங்கள், உங்கள் பைகளே பழுதுக்குத் திரும்பி வரும் காலத்தில் உதவும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், கையால் சுற்றும் சீன நகல்களை மட்டும் இதற்குப் பதிலாக என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். வார்ப்பு இரும்பின் பிசிறைக்கூட அரத்தால் தேய்க்காமல் அனுப்புகிறார்கள்.

பெரியமேடு கைப்பைகள்:

தம்பி, நான் சென்னைப் பெரியமேட்டில் கைப்பைப் பட்டறை நடத்துகிறேன். மெஷினைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். தோலின் பக்கத்திலிருந்து சிலவற்றை நான் சொல்கிறேன்.

உங்கள் தோள்பை எந்த வடிவம் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு பக்கத் தோலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுற்றிலும் தைத்துவிடும் தட்டைப் பை என்றால், 1541எஸ் போன்ற, படுகை தட்டையாக உள்ள ஃபிளாட் பெட் மெஷினே போதும். நடுவே பக்கப்பட்டி வைத்துப் பெட்டி போல எழும்பி நிற்கும் பை என்றால், தைக்கும்போது அதை மேசைமீது படுக்கவைக்க இடமில்லாமல் மூலையில் திணறுவீர்கள். அதற்கென்று இருப்பது, உருளை போன்ற கை நீண்டிருக்கும் சிலிண்டர் பெட் மெஷின். பை அந்தக் கையைச் சுற்றித் தொங்கிக்கொண்டே தைபடும். பழையவற்றில் பாஃப் 335 எங்கள் தெருவில் நல்ல பெயர் எடுத்த மெஷின். அதிலும் காம்பவுண்ட் ஃபீட் உண்டு. ஆனால் அவற்றில் பல, காலணியின் ஓரத்துக்குப் பட்டி கட்டுவதற்காக மாற்றியமைக்கப்பட்டவை. அப்படிப்பட்டதில் பாதமும் பல்லும் வேறு மாதிரி இருக்கும், திரும்ப மாற்றப் பாகங்கள் வாங்க வேண்டும். மேலும் பாஃப் மெஷினுக்கு ஊசி 134-35, ஜூக்கிக்கு 135×17 வரிசை. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போடாதீர்கள், உயரம் வேறு. நீங்கள் முதலில் பெல்ட்டும் தட்டைப் பையும் செய்வதானால் ஃபிளாட் பெட்டிலேயே தொடங்குங்கள்.

நீங்கள் சொன்ன அந்த 7 மி.மீ. இடத்துக்கும் வருகிறேன். அந்தக் கனத்தைத் தைக்கும் மெஷினைத் தேடுவதைவிட அந்தக் கனமே வராமல் செய்வது மலிவு. வார் உள்ளே போகும் நுனியையும் மடிக்கும் ஓரங்களையும் ஸ்கைவிங் செய்து பாதியாகச் சீவிவிட்டால், 7 மி.மீ. என்பது 4, 5 மி.மீ. ஆகிவிடும். மெஷினும் திணறாது, பையும் மொத்தையாகத் தெரியாது. கை உளியாலேயே சீவலாம். பெரியமேட்டில் கூலிக்கு ஸ்கைவிங் செய்து கொடுப்பவர்கள் உண்டு, உங்கள் ஊரிலும் காலணி வேலை நடக்கும் இடத்தில் விசாரித்துப் பாருங்கள்.

மரப்பட்டைத் தோலைப் பற்றி எச்சரிக்கை ஒன்று உண்டு. குரோம் தோல் அமுங்கினாலும் எழும்பிவிடும். உங்கள் தோல் அப்படியில்லை. நகம் பட்டாலே கோடு விழும் தோல் அது. காலணிப் பட்டறையிலிருந்து வரும் மெஷினில் பெரும்பாலும் பல் உள்ள பாதம்தான் மாட்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அடிப்பக்கம் வழவழப்பான பாதம் கேட்டு வாங்குங்கள். பழைய பாதம் என்றாலும் ஓரத்தை எமரித் தாளால் உருட்டித் தேய்த்து, பிறகு பாலிஷ் போட்டால் தடம் மிகவும் குறையும். பாத அழுத்தத்தைத் தோல் நழுவாத அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தளர்த்திவிடுங்கள். கீழே பல் பதியும் தடத்தைத் தவிர்க்க முடியாது; நல்ல பக்கத்தை மேலே வைத்துத் தைத்து, தைத்து முடித்ததும் பின்பக்கத் தையலை வழவழப்பான சுத்தியலால் மெல்லத் தட்டினால் தடமும் அமுங்கும், தையலும் படிந்து உட்காரும்.

மெஷின் தையல் உங்கள் கைத்தையலைப் போல இருக்காது என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷினில் மேல்நூலும் அடிநூலும் நடுவில் பின்னிக்கொண்டிருப்பதால், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். பெல்ட்டின் கொக்கிப் பக்கம், வார் சேரும் இடம் இரண்டையும் நான் இன்னும் ஆள் வைத்துக் கையால்தான் தைக்கிறேன்.

திண்டுக்கல் தோல்வேலை:

ஐயா, அண்ணா, அக்கா மூவருக்கும் மிக்க நன்றி. என் தோள்பை தட்டையானதுதான், பக்கப்பட்டி இல்லை. திருப்பூர் மெஷினை விட்டுவிட்டேன். ஆம்பூர் சென்று 1541எஸ் மெஷினைப் பார்த்துவிட்டும் வந்தேன். கைச்சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறது, ஹூக் முனையில் நகம் மாட்டவில்லை. இரண்டு அடுக்கிலிருந்து நான்கு அடுக்குக்கு ஏறும்போதும் தையல் தவறவில்லை. ஆனால் தாள் சோதனையில் பின்னோக்கி வரும் தையல் ஒவ்வொன்றும் இலேசாகக் குறைவாக இருப்பதால், பத்துப் பன்னிரண்டு தையலுக்குள் ஓட்டைகள் முழுதாக விலகிவிடுகின்றன. மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட் என்று போட்டிருக்கிறது. என் வீட்டில் சாதாரண இணைப்புதான். மேலும் பெடலைத் தொட்டதுமே மெஷின் சீறிக்கொண்டு ஓடுகிறது, என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. இவற்றைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாமா? எந்த ஊசி, எந்த நூல் என்பதையும் ஐயா சொன்னால் நல்லது.

ஆம்பூர் மெஷின்காரர்:

நன்றாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன மூன்றில் பின்தையல் விலகுவதுதான் மிகச் சிறியது. முன்தையலையும் பின்தையலையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவருவதற்கென்று மெஷினிலேயே சரிசெய்யும் அமைப்பு இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் சற்று நேரத்தில் முடித்துவிடுவார். தேய்மானம் என்றால் விலகல் ஒரு தடவை கூடியும் ஒரு தடவை குறைந்தும் வரும். உங்களுக்கு ஒரே அளவாகக் குறைகிறது என்பதால் அது செட்டிங்தான். அதை வாங்குவதற்கு முன்பே அவர்களைச் செய்து தரச் சொல்லி, மறுபடி தாளில் ஓட்டிப் பாருங்கள்.

மோட்டார் விஷயத்தில் கண்டிப்பாக விலையைக் குறைத்துக் கேளுங்கள். 415 வோல்ட் என்றால் தொழிற்சாலையின் மூன்று ஃபேஸ் மின்சாரத்துக்கானது. உங்கள் வீட்டில் அதை ஓட்ட முடியாது. "மோட்டாரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தலை, மேசை, ஸ்டாண்ட் மட்டும் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அந்த மோட்டார் வேறு மெஷினுக்கு உதவும். அது கிளட்ச் மோட்டார். ஸ்விட்சைப் போட்டதும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டேயிருக்கும். பெடலை மிதிக்கும்போது அந்த வேகத்தை மெஷினோடு இணைப்பதுதான் கிளட்ச் செய்யும் வேலை. அதனால்தான் சீறுகிறது. வருடக்கணக்கில் பழகியவர்கள் கால்நுனியாலேயே ஒவ்வொரு தையலாக ஓட்டுவார்கள். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

அதற்குப் பதிலாக வீட்டு மின்சாரத்தில் ஓடும் 550 வாட் அல்லது 750 வாட் சர்வோ மோட்டார் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். மிதித்தால்தான் சுற்றும், விட்டால் நின்றுவிடும், அதிகபட்ச வேகத்தை நீங்களே குறைத்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சர்வோ மோட்டார்கள் பலவற்றுக்கு மிகக் குறைந்த வேகத்தில் இழுவை போதாது. கனத்த இடத்தில் ஊசி பாதியில் நின்றுவிடும், நீங்கள் கைச்சக்கரத்தைச் சுற்றி உதவ வேண்டிவரும். ஆகவே மோட்டாரில் இருக்கும் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) எடுத்துவிட்டு, கிடைப்பதிலேயே சிறியதாக ஒன்றைப் போடுங்கள். புல்லியின் விட்டம் பாதியானால் வேகம் பாதியாகும், இழுவை இரு மடங்காகும். மோட்டாரையும் மெஷினையும் இணைக்கும் பெல்ட்டின் நீளமும் அப்போது மாறும் என்பதால், புல்லியை மாட்டியபின் அளந்து பெல்ட் வாங்குங்கள். 1541எஸ் நிமிடத்துக்கு 2,500 தையல் வரை ஓடக்கூடியது. உங்களுக்கு அதில் கால்பங்குகூடத் தேவைப்படாது. மிக வேகமாக ஓட்டினால் காய்ந்த மரப்பட்டைத் தோலில் ஊசி சூடேறி நைலான் நூலை உருக்கக்கூடும்.

ஊசிக்கு வருகிறேன். 135×17 என்று கேட்டால் துணி, ரெக்சின் ஆகியவற்றுக்கான உருண்டை முனை கொடுப்பார்கள். தோலுக்கு 135×16 என்று கேட்க வேண்டும். உயரம் ஒன்றே, முனை மட்டும் வெட்டுமுனை. அதிலும் எல்ஆர் முனை போட்டால் தையல் சற்றே சாய்ந்து விழும், கைத்தையலைப் பார்த்துப் பழகிய உங்கள் வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கும். எஸ் முனை போட்டால் நேராக விழும். ஆனால் தையல் கோட்டின் வழியாகவே வெட்டுவதால் குட்டைத் தையலுக்கு உதவாது, 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் வைத்துப் பெல்ட்டுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

நூல் நம்பர் கூடினால் நூல் மெலியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணப்பைக்கு 40 நம்பர் நைலான் நூலும் 18 நம்பர் ஊசியும், தையல் நீளம் 3 மி.மீ. அளவும் வையுங்கள். தோள்பைக்கும் பெல்ட்டுக்கும் 20 நம்பர் நூல், 22 நம்பர் ஊசி, 4 மி.மீ. தையல். உங்கள் தோல் விறைப்பாக இருப்பதால், முடிச்சு உள்ளே இறங்காமல் அடியிலேயே நின்றால் டென்ஷனை முறுக்கிக்கொண்டே போகாமல் ஊசியை 23க்கு மாற்றிப் பாருங்கள். ஓட்டை சிறிது பெரிதானால் முடிச்சு தானாக உள்ளே ஏறும். இழைகள் ஒட்டிய பாண்டட் நைலான் நூலாகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண முறுக்கு நூல் ஊசிக் காதிலேயே பிரிந்துகொள்ளும்.

பாதுகாப்பு கிளட்ச்சையும் வாங்குமுன் சோதிக்கச் சொல்லுங்கள். நூல் சிக்கி அது விடுபட்டால் கைச்சக்கரம் சுற்றும், ஹூக் சுற்றாது. மெஷின் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். சிக்கிய நூலை எடுத்துவிட்டு, மெஷினின் படுகையில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கைச்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சற்று வேகமாகத் திருப்பினால், டக்கென்று மறுபடி பூட்டிக்கொள்ளும். விற்பவரை அதை ஒருமுறை உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லிவிட்டு, பாபின் கேஸ், கூடுதல் பாபின்கள், மெஷினோடு வந்த பாதங்கள் எல்லாவற்றையும் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டபின் வண்டியில் ஏற்றுங்கள்.

திண்டுக்கல் தோல்வேலை:

மோட்டார் இல்லாமல் 47,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள் ஐயா. பின்தையலைச் சரிசெய்தபின் தாளில் ஓட்டிய காணொளியையும் அனுப்பியிருக்கிறார்கள், ஓட்டைகள் பொருந்துகின்றன. மீதிப் பணத்தில் 550 வாட் சர்வோ மோட்டாரும் சிறிய புல்லியும் வாங்குகிறேன். அக்கா சொன்ன வழவழப்பான பாதம் பெரியமேட்டில் கிடைக்குமானால், அங்கிருந்தே வாங்கி அனுப்ப முடியுமா?

பெரியமேடு கைப்பைகள்:

கிடைக்கும் தம்பி. உள்பாதம், வெளிப்பாதம் இரண்டையும் ஒரே ஜோடியாக வாங்க வேண்டும், தனித்தனியாக வாங்கினால் ஒன்றோடொன்று உரசும். உங்கள் மெஷினில் இப்போது மாட்டியிருக்கும் ஜோடியைக் கழற்றி, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்; அதைக் கடையில் காட்டிக் கேட்கிறேன்.